அறியாத சம்மதம் சம்மதமாகுமா?



காரப்பேட்டைப் பக்கம் போய்வருகிற எவரும் அங்குள்ள பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயரை வாசித்திருப்பார்கள். 1969-ம் வருஷம் புற்றுநோயால் காலமான நம் காஞ்சிபுரத்து மகன் அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்பது அது. அந்தப் பெயரில் மருத்துவமனை என்ற சொல்லோடு ஆராய்ச்சி என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. மருத்துவமனை என்றால் நமக்கு விளங்கும். ஆராய்ச்சி என்றால் என்ன? யாரை வைத்து ஆராய்ச்சி? யாருக்காக? நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அதற்குக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்ல வேண்டும்? இவ்வாரம் இதைச் சற்று ஆலோசிப்போம்.

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் அறுபத்தைந்து வயது நெசவாளர். வாலிபத்தில் சாயப்பட்டறையில் பட்டு நனைத்தவர். பின்பு தறியில் உட்கார்ந்தவர். நாற்பது வருஷமாய்ப் பீடியும் விடாதவர். ஒருநாள் அவருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டது. வலி இல்லை. இரண்டு நாளில் தானாய் நின்றது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார். சொல்ல வெட்கப்பட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்தபோதுதான் மூத்த மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மூத்திரப்பையில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னார். மகன் வெளியே வந்து, “அப்பாவிடம் சொல்ல வேண்டாம், சதை வளர்ந்திருக்கிறது, சுரண்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வோம்” என்று வீட்டாருக்குக் கட்டளையிட்டான். அதே வாரத்தில் வைத்தியர் ஒரு தாளை நீட்டினார். புதிய சிகிச்சை ஒன்றைப் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். உங்கள் தகப்பனார் அதில் சேரச் சம்மதமா என்று கேட்டார். மகன் பேனாவை எடுத்தான்.

அந்தக் கை அங்கேயே நிற்கட்டும். அதற்குள் சில காரியங்களைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, இந்த நோயைப்பற்றி உலகம் அறிந்திருப்பதெல்லாம் நோயாளிகளிடமிருந்தே கற்றதாகும். 1895-ம் வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை வைத்தியரான லுட்விக் ரேன் என்பவர், சிவப்புச் சாயம் செய்யும் தொழிற்சாலை ஆட்களிடம் மூத்திரப்பைக் கட்டிகள் காண்பதைக் கவனித்து வெளியிட்டார். 1954-ம் வருஷம் இங்கிலாந்தில் ராபர்ட் கேஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சாயத் தொழிலாளர்களின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து, சாயம் செய்ய உதவும் சில இரசாயனப் பொருள்களே காரணம் என்று உறுதிப்படுத்தினார்கள். நம் நாட்டிலும் 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அவ்வகைச் சாயங்கள் பல தடைசெய்யப்பட்டன. புகையிலைப் புகைதான் இந்நோய்க்குத் தலையாய காரணம் என்பதும் இப்படியே தெரியவந்தது. வலியில்லாமல் சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும், அது தானே நின்றுவிட்டாலும், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று இன்று நம்மிடம் சொல்கிறார்களே, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய துன்பம் இருக்கிறது.

சிகிச்சையும் அப்படியே. க்ஷயரோகத்துக்கு நம் குழந்தைகளுக்குப் போடுகிற பி.சி.ஜி. தடுப்பு மருந்தை நீங்கள் அறிவீர்கள். 1976-ம் வருஷம் கனடா தேசத்தில் அல்வாரோ மொராலெஸ் என்ற வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் அந்த மருந்தை ஒன்பது நோயாளிகளின் மூத்திரப்பைக்குள் செலுத்திப் பார்த்து, மேலாகப் படர்ந்த புற்றுநோய் திரும்பி வருவது குறைகிறது என்று எழுதினார்கள். பின்பு பல நூறு பேர் பங்குபெற்ற பரிசோதனைகள் அதை ஊர்ஜிதம் செய்தன. இன்று உலகமெங்கும் அது வழக்கமான சிகிச்சை. வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், மெல்லிய குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி, இரண்டு மணி நேரம்போல் உள்ளே நிறுத்தி வைப்பார்கள்.

இதே பி.சி.ஜி. நம் பக்கத்திலும் ஆராயப்பட்டதுண்டு. 1968-ம் வருஷம், காஞ்சிபுரமும் அடங்கியிருந்த அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவில், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பெரும் பரிசோதனை ஒன்று தொடங்கிற்று. சிலருக்கு மருந்துள்ள ஊசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இந்த மருந்து தடுக்கவில்லை என்று 1979-ல் தெரிந்தது. எதிர்பார்த்த பலன் இல்லைதான். ஆனால் பலனில்லை என்று அறிவதும் அறிவே. நம் கிராமத்தார் நீட்டிய கைகளிலிருந்துதான் அந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்டது.

ஆகவே ஆராய்ச்சி பொல்லாதது, நம்மை எலிகளைப்போல் நடத்துகிறார்கள் என்று பேசுவது நன்றியற்ற பேச்சு. முன்பின் அறியாதவர்கள் தந்ததை நாம் இன்று அனுபவிக்கிறோம்.

“அப்படியானால் மகன் கையெழுத்துப் போடுவதில் என்ன தவறு? நல்ல காரியந்தானே!” என்பீர்கள். காரியம் நல்லதுதான். ஆனால் கொடுக்கப்போவது யாருடைய சரீரம்?

மூத்திர உறுப்புகளின் நோய்களைப்பற்றிய ஆராய்ச்சியிலேயே இதற்கு ஒரு துக்கமான சரித்திரம் உண்டு. நியூயார்க் நகரத்தில் பௌவரி என்ற தெரு, வீடற்ற ஏழைகளும் குடிக்கு அடிமையானவர்களும் ஒதுங்கியிருந்த இடம். 1951-ம் வருஷம் முதல் 1966 வரை பெர்ரி ஹட்சன் என்ற வைத்தியர் அங்குள்ள 1,200-க்கு மேற்பட்ட ஆண்களைத் திரட்டி, ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து கத்தியால் சதை எடுத்துச் சோதித்தார். சில நாள் சுத்தமான படுக்கை, மூன்று வேளை சாப்பாடு, புற்றுநோய் கண்டால் இலவச சிகிச்சை என்பவையே அவர்களுக்குச் சொல்லப்பட்டவை. ஆண்மை கெடலாம், மலக்குடல் காயப்படலாம் என்பது சொல்லப்படவில்லை. ஹட்சன் கொடியவர் என்பதற்கில்லை. நோயை முளையிலேயே கண்டுபிடித்தால் உயிர்களைக் காக்கலாம் என்று நம்பியவர் அவர். ஆயினும் பசித்தவனிடம் சாப்பாட்டைக் காட்டி, ஆபத்தை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமல்ல. 2013-ல் ராபர்ட் ஆரனோவிட்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் இதை எடுத்து எழுதிய பிறகே பலர் அறிந்தார்கள்.

அந்த வருஷங்களில் இதை எச்சரிக்கிற குரல் இல்லாமலும் இல்லை. முகாம்களில் அடைபட்டிருந்த கைதிகளை வைத்து ஜெர்மன் வைத்தியர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நூரெம்பெர்க் நீதிமன்றம், மனிதனுடைய சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று 1947-ல் விதித்தது. 1952-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி, பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் உரோமையில் கூடியிருந்த வைத்தியர்களிடம் இதைப்பற்றியே பேசினார். நோயாளி தந்த அதிகாரத்துக்கு மேல் வைத்தியருக்கு அதிகாரம் இல்லை. கைக்கும் காலுக்கும் சரீரம் எஜமானாயிருப்பதுபோல் சமூகம் தனி மனிதனுக்கு எஜமானன் அல்ல. ஊருக்கு நன்மை என்பதற்காக ஒருவனைப் பலியிடுவதற்கில்லை என்பது அவர் போதனையின் கருத்து. 1964-ம் வருஷம் ஹெல்சிங்கியில் உலக வைத்திய சங்கமும் தன் கோட்பாடுகளை வகுத்தது.

இப்போது நம் மகனிடம் திரும்புவோம். பௌவரியில் மறைத்தவர் அந்நியர். இங்கே மறைப்பவன் பெற்ற பிள்ளை. அங்கே மறைத்தது ஆராய்ச்சியின் அவசரத்தால். இங்கே மறைப்பது பாசத்தால். இந்த வித்தியாசம் பெரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கிற தகப்பனாரின் நிலையில் என்ன வித்தியாசம்? இருவரிடத்திலும், தன் உடம்பில் என்ன செய்யப்படுகிறது, ஏன் செய்யப்படுகிறது என்று அறியாத ஒரு மனிதன் இருக்கிறான். தன் நோயின் பெயரையே அறியாதவர் அந்த நோயின் ஆராய்ச்சிக்குத் தம்மை எப்படிக் கொடுக்க முடியும்? அவர் கொடுக்கவில்லை, மற்றவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். தானம் என்பது உடையவன் கையிலிருந்து வர வேண்டுமல்லவா?

சட்டமும் இதையே சொல்கிறது. 2019-ம் வருஷத்துப் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, நோயாளிக்கு விளங்குகிற பாஷையில் எல்லாம் எடுத்துரைத்து அவரிடமே சம்மதம் பெற வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் பாரபட்சமற்ற ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். சம்மதிக்கும் புத்தித் தெளிவு அவருக்கு இல்லாதபோதே மற்றொருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம். நம் தகப்பனாருக்கோ புத்தி தெளிவாயிருக்கிறது.

“சொன்னால் அப்பா ஒடிந்துவிடுவாரே!” இது நம் எல்லோருடைய பயம். நம்முடைய பயம் மாத்திரமுமல்ல. 1961-ம் வருஷம் சிக்காகோ நகரத்தில் வைத்தியர்களைக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்லாதிருப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979-ல் அமெரிக்க வைத்தியர்களிடம் மறுபடி கேட்டபோது 97 பேர் சொல்வதே தங்கள் வழக்கம் என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு தலைமுறை வைத்தியர்களின் மனம் மாறியது. நம் வீடுகளின் மனமும் மாறலாம்.

மேலும் பெரியவர்கள் அறியமாட்டார்கள் என்று நினைப்பது பிள்ளைகளின் பேதைமை. வாசலில் பேச்சு நின்றுபோவதை அவர் கேட்கிறார். மருமகளின் கண் சிவந்திருப்பதைப் பார்க்கிறார். அவருக்கும் தெரியும், தெரியாததுபோல் அவரும் நடிக்கிறார். இப்படி ஒரே கூரையின்கீழ் எல்லோரும் தனித்தனியே அழுகிறார்கள். நோய் முற்றினால் மூத்திரப்பையையே எடுத்துவிட்டு, குடலின் ஒரு துண்டால் வயிற்றில் வழி செய்து, வெளியே கட்டிய பையில் சிறுநீர் சேரும்படி செய்வார்கள். ‘சதை வளர்ச்சி’ என்று கேட்டுப் படுத்தவர் அப்படி விழித்தெழுந்தால், அன்று அவர் இழப்பது மூத்திரப்பையை மாத்திரமா? பிள்ளை சொல்லை நம்பலாம் என்ற நம்பிக்கையையும் அல்லவா!

ஆனால் உண்மையைக் கல்லைப்போல் எறிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, வைத்தியர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள இஷ்டமா?” என்று கேளுங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு என்பதையும் கூடவே சொல்லுங்கள். “எனக்கு ஒன்றும் சொல்லாதே, நீயே பார்த்துக்கொள்” என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய தீர்மானம். சிகிச்சையில் அதற்குக் கட்டுப்படுங்கள். ஆனால் அப்படிப்பட்டவரை ஆராய்ச்சியில் மாத்திரம் சேர்க்காதீர்கள். அது அவர் அறிந்து கொடுக்க வேண்டியது.

அவருக்கு இஷ்டமானால், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முதலாளி பாவு கொடுக்கும்போது என்ன புடவை, எத்தனை நாள், என்ன கூலி என்று விசாரிக்காமல் எந்த நெசவாளர் தறியில் ஏற்றுவார்? அதுபோலவே: இந்தப் பரிசோதனையில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? என்ன ஆபத்து நேரலாம்? நேர்ந்தால் செலவும் நஷ்ட ஈடும் யார் பொறுப்பு? நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? 2007-ல் ஏற்பட்ட இந்தியப் பதிவேட்டில் இது பதிவாயிருக்கிறதா? நடுவில் விலகலாமா? விலகலாம் என்பதே சட்டம். சேராததற்காகவோ விலகியதற்காகவோ வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை இவ்வகைப் பரிசோதனைகளில் பெரும்பாலும் திருவுளச் சீட்டு எடுப்பதுபோலத் தீர்மானிப்பார்கள். கேட்டுத் திடுக்கிட வேண்டாம். வைத்தியரின் விருப்பு வெறுப்பு நுழையாதிருக்கவே அந்த ஏற்பாடு. இரண்டில் எது மேலானது என்று வைத்தியருக்கே உண்மையாகத் தெரியாதிருக்கும்போதுதான் அது நியாயம். தெரிந்துகொண்டே ஒருவருக்குத் தாழ்ந்ததைக் கொடுப்பது அநியாயம்.

இவையெல்லாம் கேட்டு, யோசித்து, “எனக்குப் பின்னால் வருகிற சாயக்காரப் பிள்ளைகளுக்காவது உதவட்டும், நான் சேருகிறேன்” என்று அந்த முதியவர் தம் கையாலேயே, கைநாட்டானாலும், வைப்பாரானால் அது பெரிய தருமம். “எனக்கு வேண்டாம்” என்று சொன்னாலும் அவர்மேல் குற்றமில்லை. தருமம் கட்டாயத்தால் ஆவதல்ல.

மகன் இன்னும் பேனாவைப் பிடித்தபடியே நிற்கிறான். அவனுக்கு நாம் சொல்வது இதுவே: தம்பி, அந்தப் பேனாவை அப்பாவிடம் கொடு. கொடுக்குமுன் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்.

வாசகர்களே, இன்று உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்கலாம். சுகமாயிருக்கும்போதே ஒருவரையொருவர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: “எனக்குப் பெரிய வியாதி வந்தால் என்னிடம் சொல்வீர்களா?” இராச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் போதும்.