அறுந்த இழையில் மட்டுமா ஆண்டவர்?



காலேஜில் படிக்கிற நம் வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "உயிர் ரசாயனத்துல இருந்து வந்துச்சுன்னு பாடத்துல இருக்கே, அப்போ தேவன் எதுக்கு?" பெரியவர்கள் சிலர், "எந்த விஞ்ஞானியாலும் ஒரு உயிரை உண்டாக்க முடியாது, அதனால தேவன் இருக்கார்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இது விசுவாசமா, பயமா?

1953-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் அமினோ அமிலங்கள் உண்டாயின. நம் உடம்பின் புரதங்கள் இவற்றால் ஆனவையே. இலங்கை காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, 1948-ல் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் வாங்கி, பிற்பாடு நாசாவில் வேலை செய்தார். 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-ல் அவர் குழு அறிவித்தது. 1977-ல் கார்ல் வோஸ், ஆதி செல்கள் பாக்டீரியா, ஆர்க்கியா என்று வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்ததைக் காட்டினார். நம்மைப் போன்றவற்றின் செல்கள் இன்னொரு கிளை. ஆனாலும் எல்லாவற்றுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே மரபு எழுத்துதான்.

பட்டுநூல் புடவை ஆகிவிடாது. அமினோ அமிலமும் உயிர் ஆகிவிடாது. ஜீவனற்ற பொருளிலிருந்து ஒரு செல்லை இதுவரை யாரும் உண்டாக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஒருவர் உண்டாக்கினால்? விஞ்ஞானியின் தோல்வியில் கட்டின விசுவாசம் அன்றைக்கே இடிந்து விழும்.

காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு இது நன்றாய்ப் புரியும். பாவில் இழை அறுந்த இடத்தைக் காட்டி, "இங்கதான் நெசவாளி இருக்கார்"னு யாராவது சொல்வாங்களா? இழை அறாமல் ஓடுகிற இடமெல்லாம் அவர் கைவேலைதானே! கோர்வை போட்ட விதத்தை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னால், போட்டவர் இல்லாமற்போவாரோ?

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைக் கவனியுங்கள். ஜீவன்களைப் பிறப்பிக்கும்படி தேவன் தண்ணீருக்கும் பூமிக்கும் கட்டளையிடுகிறார். மண் எப்படிக் கீழ்ப்படிந்தது என்று ஆராய்கிறவன் தேவனுக்குச் சத்துரு அல்ல. கண்டுபிடித்ததை இல்லை என்று நாம் சாதிப்பதும் பொய்ச்சாட்சிதான். கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்ததாக அவர்கள் சொன்னால் அதுவும் பொய்ச்சாட்சிதான்.

தேவபிள்ளையே, உன் பிள்ளை பயமில்லாமல் படிக்கட்டும். செல் எப்படி வந்தது என்று நுண்ணோக்கி காட்டலாம். கொடுக்கப்பட்ட இந்த ஜீவனை யாருக்காக வாழ்வது என்று அது காட்டாது. அதை முழங்காலில் நின்று கேட்போம். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.