யார் கை சமைத்த சோறு?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் அசனம் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஆலயப் பண்டிகையில் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து அது. அரிசியும் தேங்காயும் ஆடும் காணிக்கையாக வந்து சேரும். ராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் குவித்து வைப்பார்கள். சபைப் போதகரான ஐயர் ஜெபித்ததும் பந்தி தொடங்கும். சாப்பிட்ட பிறகு, வீட்டில் நடமாட முடியாமல் கிடக்கும் பெரியவர்களுக்குத் தூக்குவாளியில் குழம்பு போகும்.

இதுதான் கிறிஸ்தவ அன்பு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சோறு போடுவது நம் நாட்டில் எல்லா மதத்தாரும் செய்கிற புண்ணியம். போடுகிற கை எப்போதும் மேலேயே இருப்பதால் அதில் நமக்குச் சிரமமும் இல்லை. வாங்கிச் சாப்பிடுவதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் சபை தோன்றிய காலத்திலேயே இருந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் அதை முகத்துக்கு நேரே கண்டித்தார். தமிழ்ச் சபையிலோ அது சாதியாக வந்து உட்கார்ந்தது. சாதியை விட்டுவிட்டேன் என்பவர், ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு தீர்மானித்தது. லெய்ப்சிக் லுத்தரன் மிஷன் அதை ஏற்கவில்லை. வற்புறுத்திச் சாப்பிட வைப்பதால் மனசு மாறிவிடாதுதான். ஆனாலும் சாதி ஒளிந்திருக்கும் இடம் சமையலறை என்று அந்த மாநாட்டினர் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.

ஐயாயிரம் பேருக்கு இயேசு அப்பம் கொடுத்ததைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் சுவிசேஷங்களில் அவர் பெரும்பாலும் விருந்தாளியாகத்தான் சாப்பிடுகிறார். ஆயக்காரன் வீட்டுப் பந்தியில் உட்கார்கிறார். சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். ஊர் முணுமுணுத்தது அவர் கொடுத்ததற்காக அல்ல, யாரோடு சாப்பிட்டார் என்பதற்காக.

எங்கள் தெருவில் துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர், ஈஸ்டர் அன்று எங்களுக்குக் கறிக்குழம்பு கொண்டுவருவார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் குழம்பைத் தன் தட்டில் முதலில் ஊற்றிப் பிசைவாள். ஒரு வருஷம் வாயில் வைத்ததும், "என்ன பிள்ள, உப்பு இப்படிக் கரிக்கி?" என்றாள். அக்காவும் விடவில்லை. "போன கிறிஸ்மஸுக்கு நீங்க தந்த முறுக்கு மட்டும் என்னவாம்? பல்லு போயிருக்கும்லா!" இருவரும் சிரித்தார்கள். தானம் வாங்கியவர் முறுக்கைக் குறை சொல்ல முடியாது. தானம் கொடுத்ததாக நினைப்பவரிடம் உப்பைப் பற்றிப் பேசவும் முடியாது. உறவென்றால் இரண்டும் முடியும்.

இன்றும் வேலைக்கு வருகிறவருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கும் கிறிஸ்தவ வீடுகள் உண்டு. அதே வீடுகளிலிருந்து டிசம்பரில் தெரு முழுக்கக் கேக் போகிறது. அந்தக் கேக்கை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த வீடுகளை எண்ணுகிறவர்கள், அவற்றில் எத்தனை வீட்டில் தாங்கள் கை நனைத்தோம் என்றும் எண்ணிப் பார்க்கட்டும். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றது உண்மைதானா என்று அந்த இரண்டாவது கணக்குச் சொல்லிவிடும்.