முந்திச் சொல்லும் ஸலாம்

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் 40 நிமிடம் வேகமாக நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன மாதத்திலேயே, ஜித்தாவிலிருந்து மகன் ஒரு சின்ன வெள்ளை டப்பாவை ஆள் மூலம் அனுப்பிவைத்தான். திறந்தால் உள்ளே வேர்க்கடலைப் பருப்பு மாதிரி இரண்டு. வயர் கிடையாது. சும்மா நட என்றால் அப்பன் மூன்றாம் நாளே நின்றுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். காதில் ஏதாவது ஓடினால் காலும் ஓடும் என்பது அவன் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது மேல்விஷாரத்தில் இருட்டு முழுதாகப் பிரிந்திருக்காது. நெடுஞ்சாலையில் பெங்களூர் லாரிகளின் இரைச்சல் மட்டும் விடாமல் இருக்கும். பருப்பு இரண்டையும் காதில் செருகி நாகூர் ஹனிபாவை எழுப்பிவிட்டால் போதும், அந்தக் கம்பீரத்துக்கு முன்னால் முழங்கால் வலி வாயைத் திறக்காது. அப்துல் ஹக்கீம் கல்லூரி வரை போய், பாலாற்றுப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, பஜார் வழியாக வீடு திரும்ப 40 நிமிடம் என்பது 50 ஆனது. இடுப்பில் பெல்ட் ஒரு ஓட்டை இறங்கியது.

பாட்டுக்குக் காலை இழுக்கும் சக்தி உண்டு என்பது என் பிரமை இல்லை. 1998இல் பர்மிங்காமில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி உள்ளரங்க 2000 மீட்டரில் உலக சாதனை செய்தபோது, அவருக்குப் பிடித்த ‘ஸ்காட்மேன்’ பாட்டை அரங்கத்தில் ஒலிக்கவிட்டிருந்தார்கள். தாளம் தன் ஓட்டத்துக்குப் பொருந்துகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் இதையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த காஸ்டாஸ் கராஜார்கிஸ், சட்டம் தடுக்காத ஊக்கமருந்து என்கிற அளவுக்கு இசையைப் பற்றிப் பேசியவர். போட்டி என்று வந்துவிட்டால் சட்டமும் தடுக்கிறது. உலகத் தடகள விதிகளின்படி காதில் பாட்டு என்பது வெளியுதவி. 2009இல் அமெரிக்காவின் மில்வாக்கி மாரத்தானில் முன்னணியில் வந்த ஒரு பெண், நடுவில் கொஞ்ச தூரம் பாட்டுக் கேட்டார் என்பதற்காகத் தகுதி இழந்தார். எனக்கு எதிரே ஓடுகிற ஒரே போட்டியாளர் ரத்தச் சர்க்கரை. ஆட்சேபிக்க யாரும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபணை மூன்றாவது வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது வந்தது. “பாய் இப்ப பெரிய ஆளாயிட்டாரு. ஸலாம் சொன்னா வாங்கறதில்ல” என்று பக்கத்தில் நின்றவர் யாரிடமோ சொன்னார், என் காதில் விழும்படி. அன்றைக்குக் காதில் ஒன்றும் இல்லை. நன்றாகவே விழுந்தது.

வேறு ஊராக இருந்தால் இது சின்ன விஷயம். இங்கே அப்படி இல்லை. ஸலாம் சொல்வது சுன்னத், பதில் சொல்வது கடமை என்று மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள். யார் யாருக்கு முந்திச் சொல்ல வேண்டும் என்பதற்குக்கூட நபிமொழியில் வரிசை இருக்கிறது. வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கு, நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கு. என் வழக்கை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடக்கிறேன், அதுவும் தனியாக. ஆக, சொல்ல வேண்டியவனே நான். சொல்லாமல் போனதோடு, பெருந்தன்மையாக அவர்கள் முந்திச் சொன்னதையும் வாங்காமல் போயிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு எத்தனை பாக்கி என்று கூட்டிப் பார்க்கத் துணிவில்லை.

இந்தச் சங்கடத்தை முதன்முதலில் உணர்ந்தவர்கள் இந்தக் கருவியைச் செய்தவர்கள்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதை இல்லை என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா கவலைப்பட்டதால் வந்த ஏற்பாடு. கூடவே ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தான். அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியாக எதிரில் இருப்பவர் பேச்சு காதில் கேட்கும். வாங்கியவர்கள் இரண்டாவது துளையைச் சீண்டவில்லை. பிறகு வந்த மாடல்களில் அந்தப் பொத்தானே இல்லாமல் போயிற்று. 40 ஆண்டு கழித்து, வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி என்று புதிய பெயரில் அதே பொத்தானை இப்போது கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அதே சின்ன மைக்தான். வெளியே கேட்கும் சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடித்துவிட்டால் ஊர் அமைதியாகிவிடுகிறது. பிடித்ததை அப்படியே உள்ளே தள்ளினால் ஊர் திரும்பி வந்துவிடுகிறது.

சத்தத்தை அடிக்கிற அந்த வித்தை எல்லாச் சத்தத்திடமும் பலிக்காது. அடித்தொண்டையில் ஒரே சீராக இரைகிறவைதான் அதற்கு இலகுவான இரை: விமான எஞ்சின், லாரி, மிஷின். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மணலையே ஆறு என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் அந்த இரைச்சலைக் கேட்கவே கும்பலாகப் போனார்கள். இந்தப் பருப்புகளைச் செருகிக்கொண்டு போயிருந்தால் முதலில் காணாமல் போவது அந்த ஆற்றுச் சத்தம்தான். நூறு ஆண்டாகத் தோல் கழுவிய தண்ணீரை அதற்குக் கொடுத்தவர்கள் நாங்கள்; உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வரை அந்த ஆறு சொன்னது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. அப்போது காதில் எந்தக் கருவியும் இல்லை.

தோல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காதை முழுதாக மூடும் உயர்ந்த ரக ஹெட்போன்களின் மெத்தைகளுக்கு ஆட்டுத்தோல் போடுவதுண்டு. உடற்பயிற்சிக்கு என்று செய்பவற்றில் போடுவதில்லை. வியர்வையின் உப்பு ஊறிக் காய, ஊறிக் காய, தோல் விறைத்து வெடித்துவிடும். பச்சைத் தோலைக் கெடாமல் காக்கும் உப்பே பதப்பட்ட தோலைக் கெடுக்கிறது. அதனால் சிலிக்கோன். டப்பாவில் ஐ.பி.எக்ஸ் 4 என்று ஒரு எண் போட்டிருந்தது. எந்தப் பக்கம் தண்ணீர் தெளித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஆனால் சோதிப்பது நல்ல தண்ணீரில். மேல்விஷாரத்து மே மாத வியர்வையை அவர்கள் பார்த்ததில்லை.

ஸலாம் பாக்கியைத் தீர்க்க வழி தேடியபோது, எலும்பு வழியாகக் கேட்கும் ஒரு ஜாதி இருப்பது தெரிந்தது. பிடரியைச் சுற்றி வரும் வளையம். காதுக்குள் நுழையாமல் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து அதிர்கிறது. மண்டை எலும்பு அந்த அதிர்வை உட்செவியின் நத்தைக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. காது மடலும் செவிப்பறையும் ஊருக்குத் திறந்தே கிடக்கும். கட்டைக்குரல் கொஞ்சம் மெலிந்துபோகும். ஹனிபாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெரியவர் தூரத்திலேயே கையைத் தூக்கினார். எழுபதைத் தாண்டியவர். தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷேவிங் மிஷினில் நின்றவர். எப்போதும் அவர்தான் எல்லாருக்கும் முந்திச் சொல்வார். முந்திச் சொல்பவருக்கு நன்மை அதிகம், அதற்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். டீக்கடைக்காரர்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. யாராவது ஸலாம் சொல்லி, அது தனக்குக் கேட்காமல், பதில் சொல்லாத பழி வந்துவிடக்கூடாதே என்று, ஆள் தலை தெரிந்ததுமே அவர் கையைத் தூக்கிவிடுகிறார். பதில் சொல்லும் பொறுப்பை எதிராளி தலையில் கட்டிவிட்டு, அவர் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

காது நன்றாக இருந்தும் மூன்று வாரம் அந்த மனுஷரைக் கடந்து போயிருக்கிறேன், கையைக்கூடப் பார்க்காமல்.

எனக்கு ஒரு யோசனை. காதுதானே போயிற்று, எலும்பு இருக்கிறதே. பக்கத்தில் உட்கார்ந்து வளையத்தைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன். ஹனிபாவை முழுச் சத்தத்தில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். “குறுகுறுன்னுது” என்றார். அவ்வளவுதான்.

ஏன் பலிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. செவிப்பறையிலோ நடுச்செவி எலும்புகளிலோ கோளாறு என்றால் எலும்பு வழி மாற்றுப் பாதையாக உதவும். இரைச்சலில் சாவது அதற்கும் உள்ளே, நத்தைக் கூட்டில் இருக்கும் மயிர்ச் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபல் கூடினால் பாதி நேரம்தான் தாங்கும். 91 என்றால் இரண்டே மணி நேரம். மிஷினின் அலறலானாலும் ஹனிபாவின் குரலானாலும் அந்தச் செல்களுக்கு ஒன்றுதான். என் போனில் சத்தத்தை எங்கே வைத்திருந்தேன் என்று எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கோட்டுக்கு ஒன்று முன்னால் நின்றது.

ஆனால் அதெல்லாம் பிறகு. பெஞ்சில், பெரியவர் வளையத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா வெல?” என்று கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக் காட்டினார். பத்து விரலையும் விரித்தேன். நூறில்லை, ஆயிரம் என்று டீக்கடைக்காரர் சைகையில் விளக்க வேண்டியிருந்தது.

“எனுக்குக் காது போனதுக்கு வாராவாரம் கூலி குடுத்தாங்க தம்பி” என்றார், தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாதவர்கள் பேசும் சத்தத்தில். “நீ காசு குடுத்துல்ல வாங்கியிருக்க!”

பெஞ்சே சிரித்தது. யாரோ எனக்கும் ஒரு டீ சொன்னார்கள், சர்க்கரை இல்லாமல்.