எண் ஒரு சாட்சி

முப்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவரது மேற்கையில் நாணய அளவில் ஒரு சென்சார் ஒட்டப்பட்டிருந்தது. பேச்சினிடையே நான்கு முறை செல்போனைப் பார்த்து, ‘இப்போது 142’ என்றார். ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். மீண்டும் செல்போனைத்தான் பார்த்தார்!

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் எச்சரிக்க வேண்டும். நெடுநாள் இன்சுலின் எடுப்பவர் பலருக்கு அந்த எச்சரிக்கையே மங்கிவிடுகிறது. உறக்கத்தில் கருவி எழுப்பும் ஒலி அவர்களது உயிரைக் காக்கலாம். தோலுக்கடியில் பதித்து ஓராண்டு இயங்கும் சென்சாருக்கும் 2024-இல் அமெரிக்கா அனுமதி அளித்துள்ளது.

ஆனால் அந்த எண் எத்தகைய அறிவு? நியாய சாஸ்திரம் பிரத்யட்சம் வேறு, அனுமானம் வேறு என்கிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது அனுமானம். இந்தச் சென்சார் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. அதன் மெல்லிய இழை, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸை அளந்து, அதிலிருந்து இரத்தச் சர்க்கரையைக் கணிக்கிறது. சர்க்கரை விரைந்து ஏறி இறங்கும்போது கணிப்பு சில நிமிடங்கள் பின்தங்கும். ஆக, 142 என்பது புகையே, நெருப்பு அன்று.

அன்பர் இதை அனுபவித்தவர். ஓரிரவு 54 என்று கருவி அலறியது. மனைவி சர்க்கரைத் தண்ணீருடன் ஓடிவந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 118! அந்தக் கையின்மேல் அவர் படுத்திருந்ததால் ஏற்பட்ட அழுத்தமே எண்ணைத் தாழ்த்தியிருந்தது.

அப்படியானால் உடலுணர்வையே நம்பலாமா? அவருக்கு நடுக்கமே வருவதில்லையே! இங்கு அனுமானம்தான் பிரத்யட்சத்தின் குறையை நிரப்புகிறது. எனவே கருவியைக் குறை கூறுவதற்கில்லை. சாட்சி சொல்ல வந்ததை நாம் நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்திவிடுகிறோம், பிழை அங்கேதான்.

‘எண் 200-ஐத் தாண்டினால் ஏதோ பாவம் செய்தவன்போல் இருக்கிறது, சுவாமிஜி. பேத்தியின் பிறந்தநாளன்று அவள் ஊட்ட வந்த ஒரு கரண்டிப் பாயசத்தைத் தட்டிவிட்டேன். குழந்தை அழுதுவிட்டது’ என்றார். எனக்கு நெஞ்சு கனத்தது. அதிகச் சர்க்கரை மருத்துவரிடம் கூற வேண்டிய செய்தி; அது எப்போது பாவக்கணக்காயிற்று?

மருத்துவரைக் கலந்து, தாழ்நிலை எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஒலிகளை அவர் நிறுத்திவிட்டார். சென்ற வாரம் வந்தபோது நான்தான் எண்ணைக் கேட்டேன். ‘பார்த்துச் சொல்ல வேண்டும்’ என்றார். செல்போன் உடன் வந்திருந்த மனைவியின் கைப்பையில் இருந்தது.