கடைசியாகத் தொட்ட கை

கண்ணாடித் தம்ளர் ஒன்று உடைந்துவிட்டால் எந்த வீட்டிலும் முதலில் எழுகிற கேள்வி, "யார் உடைத்தது?" என்பதுதான். எப்படி உடைந்தது, ஏன் உடைந்தது என்பதெல்லாம் அப்புறம் வருகிற கேள்விகள். பல சமயங்களில் அவை வருவதே இல்லை. கையில் ஒரு துண்டோடு நிற்கிறவர் அகப்பட்டுவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. இது நியாயந்தானா என்று என்னை யோசிக்க வைத்தது, இங்கிலாந்தில் நான் சில நாட்கள் தங்கிய ஒரு சக்கர வீடு.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி உங்கள் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விடுமுறைக்கு இப்படிக் கிளம்புவது அந்த நாட்டில் பழைய வழக்கம். கப்பற்படையில் வைத்தியராக இருந்து, பின்னர் சிறுவர்களுக்குக் கதை எழுதிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 'வாண்டரர்' என்ற வண்டியைப் பிரிஸ்டலில் கட்டச் செய்து, 1885-இல் இரண்டு குதிரைகளைப் பூட்டி ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரைக்கும் போனார். வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன்! எழுத்தாளனுக்கு வீட்டைவிட்டு ஓடவும் ஆசை, வீட்டை விடவும் மனமில்லை.

வீட்டையே கூடக் கொண்டுபோகிறவர்கள் கண்ணாடித் தம்ளரை மட்டும் விட்டுவிடுவார்களா? பிளாஸ்டிக் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடியில் குடித்துப் பழகிய உதட்டுக்கு அது ஒத்துவருவதில்லை. இந்த விஷயத்தில் நானும் அவர்கள் கட்சிதான்.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு தம்ளரை இன்னொன்றுக்குள் செருகமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டி, தடுப்புகள் வைத்த பெட்டியில் அசையாதபடி நிறுத்தி, சக்கரங்களின் அச்சுக்கு அருகே தாழ்வான இடத்தில் வைப்பார்கள். பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு, அச்சிலிருந்து விலகியிருப்பது எத்தகைய துன்பம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இழுத்துச் செல்லப்படும்போது கேரவனுக்குள் ஆட்கள் இருக்க அந்த நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே, மைல் கணக்காகத் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் ஓசையைக் கேட்க அங்கே ஒருவரும் கிடையாது.

என்னை அழைத்துச் சென்ற நண்பர், லீட்ஸில் குடியேறிவிட்ட தமிழர், புறப்படுகிற அவசரத்தில் ஆறு தம்ளர்களை மூன்று மூன்றாக அடுக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார். போய்ச் சேர்ந்ததும் எடுத்து எண்ணினார். ஆறும் முழுசாக இருந்தன. "பார்த்தீங்களா, ஒண்ணுமே ஆகலை!" என்றார். மூன்றாம் நாள் அவருடைய பன்னிரண்டு வயது மகள் கழுவிக் கொண்டிருக்கும்போது ஒரு தம்ளர் அவள் விரல்களுக்குள்ளேயே இரண்டாகப் பிளந்தது.

"கையா அது, உலக்கையா?" என்று சீறினார் நண்பர்.

"நான் எதிலேயும் இடிக்கலைப்பா" என்றாள் அவள். அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நிஜமாவே இடிக்கலை மாமா" என்றாள்.

நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலறிஞர் 1920-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கண்ணாடி இயல்பில் மிகவும் வலிமையானது. புதிதாக இழுத்த மெல்லிய கண்ணாடி இழை, பருமனான கண்ணாடியைவிடப் பன்மடங்கு இழுவையைத் தாங்கியதை அவர் கண்டார். அதைப் பலவீனமாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள். விசையெல்லாம் கீறலின் முனையில் போய்க் குவிகிறது. கண்ணாடியைக் கண்ணாடி உரசினால் அத்தகைய கீறல்கள் விழுகின்றன. விழுந்த அன்றே உடையவேண்டும் என்பதில்லை. விசைக்கு உட்பட்டிருக்கும் கண்ணாடியில், காற்றின் ஈரமே கீறலை மெல்ல மெல்ல வளர்க்கும் என்றும் பின்னால் வந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் கொஞ்சம் வெந்நீர் போதும். ஒரு குழந்தையின் விரல் அழுத்தம் போதும்.

அந்தத் தம்ளரை உடைத்தது சாலையில் விழுந்த கீறல்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால், அந்தப் பெண்தான் உடைத்தாள் என்பதற்கு இருந்த ஆதாரம் அதைவிடக் குறைவு. அவள் அப்போது அங்கே நின்றாள் என்பது ஒன்றே ஆதாரம்.

"அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லையா? சாலையின் பள்ளத்தையும் வண்டியின் வில்லையும் கூண்டில் ஏற்றுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. குற்றத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கரைத்துவிடுவது எனக்கும் உடன்பாடல்ல. யோசிக்க அவகாசம் யாருக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சோப்பு நுரையில் வழுக்கும் தம்ளரைப் பிடித்தவளுக்கு அரை விநாடி. அதை அடுக்கி வைத்தவருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. ஆனால் ஆறும் முழுசாக வந்து சேர்ந்தன என்பதையே அவர் தம் கவனத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தில் தம்ளர் விலையைப் பிடிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தம்ளர் கடையிலிருந்து எப்படி வந்தது, எத்தனை வருஷம் எதனோடு உரசிக்கொண்டு கிடந்தது என்று அவர்கள் கேட்பதில்லை.

இதையெல்லாம் அன்றிரவே நண்பரிடம் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. காலையில் பார்த்தால், மிச்சமிருந்த ஐந்து தம்ளர்களையும் அவரே கழுவிக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டாராம், அவள் கண்ணாடியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.