எட்டாம் எண்ணும் எண்வினையும்



1 முதல் 9 வரை எழுதிய ஒன்பது சீட்டுகளைக் குடத்திலிட்டு, திருவுளச் சீட்டுப்போலக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பதாகக் கொள்வோம். 1 வந்தால், தனித்து வந்து தனித்துச் செல்லும் ஆன்மாவை அது குறிக்கிறது என்போம். 2 வந்தால் உயிரும் உயிரல்லதும்; 3 வந்தால் மும்மணிகள்; 4 வந்தால் நாற்கதிகள்; 5 வந்தால் பஞ்ச பரமேட்டிகள்; 6 வந்தால் ஆறு திரவியங்கள்; 7 வந்தால் ஏழு தத்துவங்கள்; 8 வந்தால் எட்டு வினைகள்; 9 வந்தால் ஒன்பது பதார்த்தங்கள். எச்சீட்டு வந்தாலும் நமக்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. அப்பொருள் சீட்டிலா இருந்தது? அன்று, அறநூல் கற்ற நம் அறிவில் இருந்தது. எது வந்தாலும் பொருந்துகின்ற பொருள், வந்த ஒன்றுக்கே உரிய செய்தி ஆகாது.

இவ்வுண்மையை மறப்பதனால் விளையும் தீங்கு சிறிதன்று. எட்டாம் எண் சனிக்கு உரியது என்று அஞ்சுவோர் நம் நாட்டில் பலர். ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு நற்குணமுள்ள வரன் அமைந்திருக்கிறது. அவளுக்கும் மனம் இசைந்திருக்கிறது. மணமகன் பிறந்த நாளைக் கூட்டினால் 8 வருகிறது என்று யாரோ கூற, தந்தை அச்சம்பந்தத்தையே கைவிடுகிறார். அப்பெண்ணின் கண்ணீருக்கு விடை கூற வேண்டியது எண்ணா, தந்தையா? மருத்துவர் குறித்த நாளை எண் பொருந்தவில்லை என்று தள்ளிவைத்து, நோயை முற்றவிடுவதும் இத்தகையதே.

நாட்கணக்கு மாந்தர் வகுத்துக்கொண்டது. ஒரே நாள் ஆங்கில நாட்காட்டியில் ஓர் எண்ணையும், தமிழ் நாட்காட்டியில் வேறோர் எண்ணையும், வீரநிர்வாண ஆண்டுக் கணக்கில் மற்றோர் எண்ணையும் பெறுகிறது. மூன்றையும் தனித்தனியே கூட்டினால் விடைகள் வேறுபடும். வினை எந்த நாட்காட்டியைப் பார்த்துப் பலன் தரும்?

ஜினதர்மத்தில் எட்டு என்பது அஞ்சத்தக்க எண் அன்று. உயிரைப் பிணிக்கும் வினைகள் ஞானாவரணீயம் முதலாக எட்டு. அவ்வினைகள் அற்ற சித்த பரமேட்டியின் குணங்களும் எட்டு. நற்காட்சியின் அங்கங்களும் எட்டு. அவற்றுள் ஒன்று மூடமின்மை. எட்டைக் கண்டு நடுங்குபவர் இழப்பது, அந்த எட்டனுள் ஒன்றையே!

இனி, தற்செயலாக வாராத எண் ஒன்றைக் காண்போம். ஜபமாலையில் மணிகள் 108. ஏன்? ஒரு செயலைச் செய்யத் துணிதல், அதற்கு வேண்டுவன திரட்டல், செய்யத் தொடங்கல் என நிலைகள் 3. மனம், மொழி, மெய் எனக் கருவிகள் 3. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வகைகள் 3. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கஷாயங்கள் 4. இவற்றைப் பெருக்கினால் 108. வினை நம்முள் புகும் வாயில்கள் இவை. இங்கே எண்ணுக்குப் பொருள் உண்டு. எண்ணப்படுபவை நம் செயல்களாக இருப்பதே காரணம்.

ஆதலின், பேருந்துச் சீட்டிலும் வீட்டு இலக்கத்திலும் வருங்காலத்தைத் தேட வேண்டா. மணம் பேசுமிடத்து மணமகனின் ஒழுக்கத்தையும், மகளின் விருப்பத்தையும் ஆராயுங்கள். நோயுற்றபோது மருத்துவர் சொற்படி நடவுங்கள். மாலையில் சாமாயிகத்தில் அமர்ந்து மணியை உருட்டும்போது, இன்று சினத்தால் யாரை வருத்தினோம், பிறர் செய்த தீமைக்கு எங்கே தலையசைத்தோம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நம் நாளைய நிலையை அறிய அக்கணக்கே போதுமானது.

அறம் வளர்க!