நோயுற்ற பூனையும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் படைத்து, இரணமளித்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிய நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரின் சரித்திரத்தை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்த ஒரு செயலுக்காக அல்லாஹ் அவரை மன்னித்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் குடித்த நாய் தன் வழியே போயிற்று. அம்மனிதரும் தம் வழியே போனார். நாம் கையில் எடுத்த ஜீவன் தன் வழியே போக முடியாத நிலையில் இருந்தால் நம் கடமை என்ன? இம்மாதம் அதைத்தான் சற்று சிந்திக்கப் போகிறோம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். திருச்சிச் சாலையோரத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒரு பூனையை அவ்வீட்டுப் பிள்ளை இரக்கப்பட்டுத் தூக்கி வருகிறான். அம்மா பாலும் சோறும் வைக்கிறார். பூனை ஆவலோடு தின்கிறது; ஆனால் உடல் தேறவில்லை. வைத்த தண்ணீரையெல்லாம் குடிக்கிறது. ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. பின்னங்கால் தளர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கிறது. புதுக்கோட்டைக்குக் கொண்டு போய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினால், "இதற்குச் சர்க்கரை வியாதி. நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும்" என்கிறார். அத்தா வெளிநாட்டில் இருக்கிறார். பிள்ளையோ படிப்புக்காக வெளியூர் போகிறான். அம்மாவுக்குக் கை நடுக்கம். ஆகவே பூனைக்கு வேறொரு வீடு தேட வேண்டும்.

இப்போது ஆலோசனை சொல்ல மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர், "மீன் கடைப் பக்கம் விட்டுவிடுங்கள், பிழைத்துக் கொள்ளும்" என்கிறார். இன்னொருவர், "வியாதியைச் சொல்லாமல் யாரிடமாவது தள்ளிவிடுங்கள், பிறகு அவர்கள் பாடு" என்கிறார். மூன்றாமவரோ, "ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஒரு மூலையில் கிடக்கட்டும், அல்லாஹ் விட்ட வழி" என்கிறார். இம்மூன்றில் எதை ஷரீஅத் ஏற்கும்?

இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டால்

ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள். தானும் உணவு கொடுக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைக்க அதை அவிழ்த்து விடவுமில்லை. அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. இந்த ஹதீஸில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, நீ உணவு கொடு. அல்லது, அது தானே தேடித் தின்ன விட்டுவிடு.

ஆரோக்கியமான பூனைக்கு இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. எலியைப் பிடித்தோ, எச்சிலைத் தின்றோ அது காலம் தள்ளிவிடும். ஆனால் சர்க்கரை நோயுற்ற பூனைக்கு உணவு மட்டும் போதாது. எவ்வளவு தின்றாலும் அந்த உணவு உடலில் ஒட்டாது. இன்சுலின் இல்லாமல் மெலிந்து மெலிந்து மடியும். ஆகவே விட்டுவிடும் வழி அதற்கு அடைபட்டு விட்டது. எஞ்சியிருப்பது பராமரிக்கும் வழி ஒன்றுதான். மீன் கடையில் கொண்டு போய் விடுவது அதற்குச் சுதந்திரம் கொடுத்ததாகாது. சாகும் இடத்தை மாற்றிக் கொடுத்ததாகத்தான் ஆகும். பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்றே கூறுகிறது. முதல் ஆலோசனை இத்துடன் விழுந்தது.

மூன்றாமவரின் பேச்சு தவக்குல் போல் ஒலிக்கும். ஆனால் அது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்றுக் கொடுத்த நபியின் உம்மத்தினர் நாம். ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் இமாம்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்துவிட்ட பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பால் தரும் பசுவுக்கு வைக்கோல் போடுவதில் லாபமும் கலந்திருக்கிறது. ஒரு பயனும் தராத ஜீவனுக்குச் செய்வதில்தான் இக்லாஸ் இருக்கிறதா இல்லையா என்பது விளங்கும்.

கெய்ரோவில் ஒரு பூனைத் தோட்டம்

அந்த இமாம் கெய்ரோ நகரில் 1262-ல் வபாத்தானபோது எகிப்தை ஆண்டவர் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ். தாத்தாரியரை எதிர்த்துப் போராடிய வீரர் அவர். அத்தகைய சுல்தான் கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தைக் கதியற்ற பூனைகளுக்காக வக்ஃபு செய்தார் என்பது சரித்திரம். அவர் 1277-ல் மறைந்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறியது. வாடகை என்று பெயருக்கு ஏதோ சொற்பம்தான் வந்தது. ஆனாலும் பூனைகளின் பொறுப்பு மறையவில்லை. வக்ஃபுகளின் காவலரான காழியின் தலையில் அது நின்றது.

1836-ல் எகிப்தியரின் பழக்க வழக்கங்களைப் பற்றி நூல் வெளியிட்ட எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். நாள்தோறும் பிற்பகலில் காழியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சிக் கழிவு போடப்படுமாம். வீட்டில் பூனையை வைத்துக் கொள்ள முடியாதவர்கள் அந்த முற்றத்தில் கொண்டு வந்து விடுவார்களாம்.

தோட்டம் போய், ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், "இந்தப் பூனைகள் யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு அந்த ஊரில் ஒரு பதில் இருந்தது. அங்கே பூனையைக் கொண்டு வந்தவர் அதைப் பொறுப்பற்ற வெளியில் எறியவில்லை. பொறுப்புள்ள ஒரு வாசலில் ஒப்படைத்தார். நம் ஊர்களில் அத்தகைய முற்றம் இல்லை. ஆகவே ஒப்படைக்கத் தக்க வாசலை நாமே தேட வேண்டியிருக்கிறது.

விலையல்ல, ஹிபா

பூனையின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தரும்போது, இது ஹராம் என்ற பொருளில் வந்த தடையாக இருக்க வேண்டியதில்லை. மக்கள் பூனையை விலை பேசாமல் ஒருவருக்கொருவர் அன்பளிப்பாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதும் நோக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு அழகான விளக்கம்! ஒரு பூனை வீடு மாறுவது ஹிபாவாக இருக்கட்டும் என்று மார்க்கம் விரும்புகிறது.

ஆனால் இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதால் உண்மையை மறைக்கலாமா? மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததை அடியில் தள்ளி மறைத்திருந்தார் வியாபாரி. மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று அன்னவர்கள் கண்டித்தார்கள். தானியத்தின் ஈரத்தை மறைத்தால் வாங்கியவருக்குச் சிறிது பண நஷ்டம். பூனையின் நோயை மறைத்தால்? வாங்கியவருக்கு ஊசி வேளை தெரியாது; சில நாட்களில் பூனை சுருண்டு விழும்; "நம் வீட்டுக்கு வந்ததும் செத்துவிட்டதே" என்று ஒரு குழந்தை அழும். அங்கே ஒரு உயிரும் போகிறது. ஒரு வீட்டாரின் மனமும் புண்படுகிறது. இரண்டாமவர் சொன்ன யோசனை இதுதான்.

ஆகவே கொடுப்பவர் முதலில் சொல்ல வேண்டியது பூனையின் அழகை அல்ல, அதன் நோயை. கேட்டவர்களில் ஒன்பது பேர் திரும்பிப் போகலாம். போகட்டும். பத்தாவதாக வருபவர் தெரிந்து ஏற்றவராக இருப்பார். அவர்தாம் நாம் தேடிய ஆள்.

ஏற்பவர் அறிய வேண்டியவை

நம் தாய்மார்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கூறுகிறது. அத்தாவுக்கோ மாமியாருக்கோ தினமும் ஊசி போட்டுப் பழகிய கைகள் நம் வீடுகளில் எத்தனை! இத்தகைய பூனைக்கு அப்படிப்பட்ட வீடே பொருத்தமான வீடு.

பூனையின் தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அடியில் போடும் சிறு ஊசி அது. சுமார் பன்னிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக்கொண்டால் ஸுப்ஹுக்குப் பின்னும் மஃரிபை ஒட்டியும் அமைந்துவிடும். அளவை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும்; வீட்டுப் பெரியவரின் மருந்தை எடுத்து நாமாகப் போடக் கூடாது. நாற்பது யூனிட் மருந்துக்கு ஒரு ஊசிக்குழல், நூறு யூனிட் மருந்துக்கு வேறு ஊசிக்குழல். மாற்றிப் போட்டால் அளவு தவறி உயிருக்கே ஆபத்தாகும். பூனை உணவு தின்னாத வேளையில் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவைப் போடக் கூடாது. ஊசிக்குப் பின் உடல் நடுங்கினாலோ, தள்ளாடினாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே ஈறில் சிறிது தேன் தடவி, தாமதமின்றி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சோறும் பாலும் இதற்கு ஏற்ற உணவல்ல. மீனும் இறைச்சியுமே ஏற்றவை. உணவை மாற்றும்போதும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசியின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். சீக்கிரம் கண்டறிந்து சரியாக வைத்தியம் பார்த்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத அளவுக்குக் குணம் ஏற்படுவதும் உண்டு. இந்நோய் தொற்றாது. புதுக்கோட்டையில் முடியாத பரிசோதனை இருந்தால், ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1921-ல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் இன்சுலினைக் கண்டறிந்தபோது, முதலில் சோதித்தது நாய்களிடம்தான். 1922-ல்தான் மனிதருக்குப் போட்டார்கள். அதன்பின் அறுபது ஆண்டுகள் வரை மாடு முதலிய பிராணிகளின் கணையத்திலிருந்தே அம்மருந்தை எடுத்து வந்தார்கள். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு உலாவுவதில் வாயில்லா ஜீவன்களின் பங்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று அதே மருந்துக்காக நம் வாசலில் வந்து நிற்கும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளலாமா?

சில ஐயங்கள்

"மனிதனுக்கே மருந்து வாங்க வழியில்லை, பூனைக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயமும் உண்டு. மனைவி மக்களின் செலவும், பக்கத்து வீட்டு ஏழையின் மருந்தும் முந்தியவையே. சக்திக்கு மீறி அல்லாஹ் எவரையும் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் இப்படிக் கேட்பவர் அந்த ஏழைக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்! இரண்டையும் செய்யாமலிருக்க ஒன்றைச் சாக்காக்குவது முறையல்ல. தனி ஒருவரால் முடியாவிட்டால் நான்கு வீட்டார் மருந்துச் செலவைப் பகிரலாம். ஸதகாப் பணம் இதற்குச் செல்லும், ஜகாத் செல்லாது. ஜகாத்திற்குரிய எட்டுப் பிரிவினரும் மனிதரே.

"பூனை இருக்கும் வீட்டில் தொழலாமா?" தாராளமாகத் தொழலாம். அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா (ரஹ்) அவர்கள் ஒளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது பூனை ஒன்று குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றி வரும் ஜீவன்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார்கள். ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ்தான். இந்நோயில் சிறுநீர் அதிகம் போகுமாதலால், தொழும் இடத்துக்கு அப்பால் மணல் தட்டு வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும். உடையில் ஒட்டும் சொற்ப முடி ஷாஃபிஈ மத்ஹபில் மன்னிக்கப்பட்டது. ஹனஃபி மத்ஹபில் அது நஜீஸே அல்ல. நோன்பு வைத்துக்கொண்டு பூனைக்கு ஊசி போட்டால் நோன்பு முறியாது.

"கொடுத்துவிட்டோம், பொறுப்பு தீர்ந்ததா?" ஹிபா நிறைவேறி அவர் கைப்பற்றிக் கொண்டால் செலவுப் பொறுப்பு அவருடையதே. ஆயினும் கொடுக்குமுன் ஒரு வாரம் அவரைத் தினமும் வரச் சொல்லி, நம் கண்ணெதிரே அவர் கையால் ஊசி போடப் பழக்குங்கள். மீதமுள்ள மருந்தையும், மருத்துவர் எழுதிய சீட்டையும், அது விரும்பித் தின்னும் உணவையும் சேர்த்தே கொடுங்கள். அவரால் இயலாமல் போனால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித் தரும்படி சொல்லி வையுங்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது என்றால் இதுதான்.

நார்த்தாமலைக் குன்றுகளின் மேல் பாறைக் குழிகளில் சுனைகள் இருக்கின்றன. மனிதன் கட்டாத அந்தத் தொட்டிகளில் ஆடும் குருவியும் வந்து குடித்துப் போகின்றன. படைத்தவன் எந்த ஜீவனுக்கும் இரணத்தை மறக்கவில்லை. சில ஜீவன்களுக்கு மட்டும் அதை நம் கைவழியாக அனுப்பி வைக்கிறான். கொடுப்பது அவன், கை நம்முடையது. அந்தக் கை பின்வாங்கலாமா?

யா அல்லாஹ்! வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் உன்னை அஞ்சி நடப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் கையில் நீ ஒப்படைத்ததை ஏமாற்றாமல் ஒப்படைக்கும் தௌஃபீக்கைத் தருவாயாக! எங்கள் வீடுகளிலுள்ள நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!